ஒன்பது வீட்டுப் பவளம்

அத்தியாயம் பதினான்கு

சின்னவள் மாடிக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கெல்லாமோ போன் செய்துகொண்டிருந்த இடத்தில் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். ஒன்பது பேரிடம் பேசினாள். ஒன்பது பேரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"உங்கப்பா குடுத்ததுதானேம்மா. எந்த ஸ்டாப்புல நிக்கணும், சொல்லு."

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. அப்பா பல் செட் செய்பவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று சின்னவளின் புருஷன், வீட்டு மாப்பிள்ளை, சொல்வார். அம்மா போன மறுவருஷம் கூடத்துச் சுவரோரம் நாலடி நீளத்தில் ஒரு கடல்தொட்டி வைத்தார். உப்பு நீர், பாறை, இரண்டு மீன், சுண்டுவிரல் அளவு பவளம் ஒன்று. பத்து வருஷத்தில் அது முப்பது வகையாகப் பெருகியது. பவளம் வளர்ந்து இடத்தை அடைத்தால், பல் அறுக்கும் சின்ன ரம்பத்தாலேயே துண்டு போடுவார். கேட்டவர்களுக்குக் கொடுப்பார். கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். கொடுத்ததோடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய்த் தொட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருவார்.

மூன்று மாதம் முன்பு பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மூன்று நாளில் வீடு என்றார்கள். உள்ளே சீழ் வைத்துப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. அந்த நாட்களில் தொட்டியில் இருந்த உயிர் ஒன்று பாக்கியில்லாமல் போய்விட்டது.

கரண்ட் போயிருச்சுப்பா, ஒன்றரை நாள் வரவேயில்லை என்றாள் சின்னவள். அப்பா "அப்படியா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கரண்ட் போகவே இல்லை. மாப்பிள்ளை வெளியூர் வேலைக்குப் போயிருந்த நாளில், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து, யூனிபார்மை இஸ்திரி போட பிளக் கிடைக்காமல், தொட்டியின் பம்ப்பையும் ஹீட்டரையும் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள். போட்டுவிட்டு அப்படியே ஓடிவிட்டாள். மறுநாள் சாயங்காலம் கதவைத் திறந்தபோது நாற்றம்தான் முதலில் வந்தது.

அவள் பஸ் ஓட்டுகிறவள். ஆறு வருஷத்தில் ஒரு கீறல் போட்டதில்லை. ஒரு பிளக்கில் போய் இப்படி ஆனதை அவளால் புருஷனிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

ஏசி மெக்கானிக்கான மாப்பிள்ளை தொட்டியைக் கழுவி, தண்ணீர் மாற்றி, பம்ப்பை ஓடவிட்டார். லேப் அக்கா சொல்லிக் கொடுத்தபடி சின்னவள் வாராவாரம் தண்ணீரைச் சோதித்தாள். லேப் அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். அப்பாவிடம் துண்டு வாங்கித் தொட்டி வைத்தவர்களில் ஒருவர். விளக்கை மட்டும் அதன் பொத்தானில் அணைத்து வைத்ததோடு சரி, யாரும் போடவில்லை. அப்பா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கடப்பார்.

இந்தச் சனிக்கிழமைதான் அவர் மறுபடி வேலைக்குப் போகும் முதல் நாள். வீடு காலியாக இருக்கும். அந்த ஒன்பது பேரிடமிருந்தும் ஆளுக்கொரு துண்டைத் திரும்ப வாங்கித் தொட்டியில் வைக்க, சின்னவள் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

●

காலைச் சவாரியின் கடைசி நடையில், கண்டக்டர் அண்ணன் தன் இருக்கைக்குக் கீழே ஒரு தெர்மோகோல் பெட்டியை வைத்துக்கொண்டார். சின்னவள் முந்தின நாளே அவரிடம் கேட்டிருந்தாள். ஒரு ஸ்டாப்பில் பத்து செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாது, சரியா என்றார். அவ்வளவுதான் அவர் போட்ட கண்டிஷன்.

முதல் ஆள் மருந்துக்கடைக்காரர். பால்கேனைத் தோளில் சாய்த்துக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடியைத் திறந்து காட்டவும் செய்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில், கட்டைவிரல் அளவு ஊதாத் துண்டு.

அடுத்த ஸ்டாப்பில் தையல்கார அம்மா. பையைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சைச் சுற்றித் துணி, துணிக்கு ஓரம் அடித்திருந்தது. அவர் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் அப்பா வாரம் தவறாமல் போய் அவர்கள் தொட்டியைப் பார்த்துக்கொண்டாராம். அந்த வீட்ல அப்ப நல்லா இருந்தது தொட்டி ஒண்ணுதாம்மா என்று சொல்லிவிட்டு, வேறு எதுவோ சொல்ல வாயெடுத்தார். பத்து செகண்ட் முடிந்துவிட்டது. கண்டக்டர் அண்ணன் விசில் கொடுத்துவிட்டார்.

நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். பயணிகள் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தார்கள். அவர் ஓட்டுநர் ஜன்னலருகே வந்து ஒரு டப்பாவை நீட்டி, "பார்த்து, குலுங்காம" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வரும் வண்டிகளை எல்லாம் மறித்து, இவள் பஸ்ஸை முதலில் விட்டார்.

முன்வரிசையில் இருந்த ஒருவருக்குத் தாங்கவில்லை. அப்படி என்னதான் ஏத்துறீங்க என்று கண்டக்டர் அண்ணனைக் கேட்டார்.

"கடல்" என்றார் அவர், டிக்கெட் கிழித்துக்கொண்டே.

இப்படியே எட்டு. ஒன்பதாவதை லேப் அக்கா டிப்போ வாசலில் நின்று கொடுத்தார். அகல வாய்ப் பாட்டில், மேலே ஈரத்துணி. கொடுக்கும்போது கூடவே எச்சரிக்கையும் கொடுத்தார். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வீட்டு வெளிச்சத்தில் வளர்ந்தது. சிலது மங்கலான மூலையில் இருந்தது. உங்கள் வீட்டு விளக்கு பெரியது, அதற்கு முன்னால் போட்டால் தாங்காது. எல்லாவற்றையும் மணல் தரையில் வை. விளக்கை இருபது சதவீதத்தில், நாலு மணி நேரம். வாரத்துக்கு அஞ்சு அஞ்சாக ஏற்று. மூன்று மாதம் ஆகும், அவசரப்படாதே.

சின்னவள் தலையாட்டினாள். எல்லாம் மனசில் நின்றது. விளக்கைப் போடப் போகிறவர் மாப்பிள்ளை.

●

மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பதினொன்றரைக்கு அவள் வந்தபோது வாளி, குழாய், துண்டு எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தார். பைகளைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சூடு சரியாகும்வரை பொறுத்தார்கள். பிறகு மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக, துண்டுகள் இருந்த பாத்திரத்தில் விழும்படி வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம்.

ஒன்பதையும் மணலில் வரிசையாக வைத்ததும் மாப்பிள்ளை விளக்கின் பொத்தானை அழுத்தி, திருகைத் திருப்பி, எண் இருபதில் நிற்கும்படி செய்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு கூடத்தில் அந்த நீலம் பரவியது. சின்னவள் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தவள். எழுந்து போய்ப் படு, நான் இருக்கேன் என்றார் அவர். அவள் உள்ளே போய்ப் படுத்த பத்தாவது நிமிஷம் அவருக்கு ஒரு கிளினிக்கிலிருந்து போன். ஏசி நின்றுவிட்டது, நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்கள். விளக்குதான் இருபதில் இருக்கிறதே என்று அவர் கிளம்பினார்.

எந்த மணிக்கு எவ்வளவு வெளிச்சம் என்று அந்த விளக்குக்குள் அப்பா எழுதி வைத்த பழைய கணக்கு அப்படியே இருந்தது அவருக்குத் தெரியாது. திருகில் வைப்பது அடுத்த மாற்றம் வரைக்கும்தான். சரியாக இரண்டு மணிக்கு விளக்கு தன் பாட்டில் ஏறத் தொடங்கியது. இரண்டரைக்கு எண்பத்தைந்தில் போய் நின்றது.

●

அப்பா மூன்றேகாலுக்கே வந்துவிட்டார். முதல் நாளே முழுசாக உட்கார வேண்டாம் என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

கதவைத் திறந்ததும் கூடம் பளீரென்று இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கடக்க முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியிலும் அதே வெளிச்சம்தான் தெரிந்தது. திரும்பினார்.

ஒன்பது துண்டு. வரிசையாக, பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த பிள்ளைகள் மாதிரி. ஒன்றுகூட விரியவில்லை. வட்ட வட்டமாக விரியும் பொத்தான் பவளம் எல்லாம் இறுக மூடியிருந்தது. கிளை கிளையாக நின்ற ஒன்று நுனியில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

யாரையும் கூப்பிடவில்லை. பையைக் கீழே வைத்தார். கடிகாரத்தைக் கழற்றினார். விளக்கைப் பத்துக்கு இறக்கி, பழைய கணக்கை அழித்தார். ஸ்டோர் ரூமில் மீந்து கிடந்த கொசுவலைத் துண்டைக் கொண்டுவந்து நாலாக மடித்துத் தொட்டியின் மேல் விரித்தார். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டார்.

இரண்டு மாதமாகக் கேட்காத அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் சின்னவள் விழித்தாள். அறை வாசலில் வந்து நின்றாள். அப்பா தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, கிளைத் துண்டைப் பாறையின் நிழலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"துணி கிளிப் நாலு கொண்டா" என்றார், திரும்பாமலே. "வலை நழுவுது."

கொண்டுவந்தாள். இருவருமாக வலையை நாலு மூலையிலும் கவ்வ வைத்தார்கள். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, வெளிச்சத்தில் அது சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது என்று அவர் அந்த வேலைக்கு நடுவே சொன்னார். வெளிச்சம் திடுதிப்பென்று கூடினால் அடுப்பு கட்டுக்கடங்காமல் எரிகிற மாதிரி. பவளம் பயந்துபோய்ச் சமையல்காரனையே வெளியே துரத்திவிடும். அப்புறம் வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும்.

"செத்துருமாப்பா?"

"ஏழு தாங்கும். இந்தக் கிளையும் அந்த ஊதாவும் பத்து நாள் போனாத்தான் சொல்ல முடியும். ஒரு மணி நேரத்துல பாத்தாச்சே, அது நல்லது."

அவர் குரலில் கோபம் இல்லை. வேலை செய்கிறவரின் குரல் அது. அவள் அதைக் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. கேட்டதும் அவளுக்கு உடைந்துவிட்டது.

"அப்பா, அன்னிக்குக் கரண்ட் போகலப்பா."

"தெரியும்" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"இந்த லைட்டுல ஒரு கடிகாரம் இருக்கு. கரண்ட் போனா பன்னெண்டுலேர்ந்து ஆரம்பிக்கும். நான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கு அது சரியான நேரம் காட்டிச்சு."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

அப்பா கையை வெளியே எடுத்துத் துண்டில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"என்னத்தக் கேக்கறது? பத்தொன்பது நாள் அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தே. நான் கண்ணத் தொறந்தப்பல்லாம் நீ இருந்தே. மீன் ஏன் செத்துச்சுன்னு கேக்கறதுக்கா நான் பொழச்சு வந்தேன்?"

சின்னவள் இஸ்திரிப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். முழுவதும் சொன்னாள். நாற்றம், மிதந்த மீன், தனியாகப் பாறையைக் கழுவியது, கழுவிவிட்டு அதே கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து அவருக்குக் கஞ்சி கொடுத்தது. அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், கஞ்சியில் மீன் வாசம் அடித்தது அதனால்தானா என்றார். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"கோபம் இல்லேன்னா ஏன்ப்பா இந்தப் பக்கமே திரும்பல?"

"நான் தொட்டியப் பாத்தா உன் முகம் சுருங்குது. அதான் பாக்கறதில்ல."

அவள் என்ன நினைத்திருந்தாள் என்றால், தன்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அவர் தொட்டியையும் பார்ப்பதில்லை என்று. இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் ஜன்னலைப் பார்த்திருக்கிறார்கள்.

●

நாலரை மணிக்குப் பொத்தான் பவளத்தில் ஒன்று வாய் திறந்தது. ஐந்துக்குள் நாலைந்து திறந்துவிட்டன. அப்பா நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யார் யார் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. அவரே சொல்ல ஆரம்பித்தார்.

இது தையல்கார அம்மாவுடையது. ஒரு பக்கமே வளர்ந்திருக்கிறது, ஜன்னலோரமாக வைத்திருக்கிறார், எத்தனை தடவை திருப்பி வைக்கச் சொன்னேன். இது காவலர் வீட்டு மேல்தட்டில் இருந்தது. நல்ல வெளிச்சம் பார்த்த ஆள், இதை முதலில் மேலே ஏற்றலாம். ஊதா மருந்துக்கடையிலிருந்து, அவர் விளக்கு ரொம்ப மங்கல், அதனால்தான் இவ்வளவு பயந்திருக்கிறது. ஒவ்வொன்றும் அவர் தொட்டியில் பிறந்ததன் பிள்ளை, இல்லை பேரப்பிள்ளை. தாய் எல்லாம் இங்கே செத்துவிட்டது. அவர் கொடுத்தது மட்டும்தான் மிச்சம்.

சின்னவள் பஸ் கதையைச் சொன்னாள். காவலர் வண்டிகளை மறித்ததைச் சொன்னபோது அப்பா சிரித்தார். தையல்கார அம்மா சொன்னதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குடுத்ததெல்லாம் எனக்கு ஞாபகம்கூட இல்லம்மா" என்றார். "அவங்க இத்தனை வருஷம் வளத்துருக்காங்க."

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். வலையையும், துணி கிளிப்பையும், ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மாமனாரையும் பார்த்தவுடன் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் வெளிறிவிட்டது. அப்பா அவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"மாப்பிள்ளை, ஏசி போடற வேகத்துல சூரியனப் போட்டுட்டீங்க."

அவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அப்பா விடவில்லை. இரண்டு மாதம் பம்ப் நிற்காமல் ஓடியிருக்கிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, நீங்கள் இதைக் காப்பாற்றி வைத்திராவிட்டால் இந்த ஒன்பதையும் எங்கே வைத்திருப்பேன் என்று கேட்டார். பிறகு விளக்கின் கணக்கை எப்படிப் போடுவது என்று அவர் கையாலேயே போடவைத்தார். திங்கள்வரை பத்து, பிறகு இருபது, வாரத்துக்கு ஐந்து. வாரம் ஒரு மடிப்பாக வலையை எடுக்க வேண்டும்.

எட்டைப் பார்த்தாகிவிட்டது. ஒன்பதாவது பாறைக்குப் பின்னால், லேப் அக்கா கொடுத்தது. அவசரத்தில் கிளைத் துண்டோடு சேர்த்து, மூடிக் கிடந்த இதையும் நிழலுக்குள் தள்ளியபோது அப்பா அதைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது இடுக்கியால் மெல்ல முன்னே இழுத்தார்.

அது சுத்தியல் பவளம். தண்டு தண்டாக நின்று, ஒவ்வொரு தண்டின் நுனியும் சுத்தியல் தலை மாதிரி இருக்கும். பச்சை. பச்சைக்கு நடுவே மெல்லிய மஞ்சள் வளையம்.

அப்பாவின் இடுக்கி அப்படியே நின்றது.

"இது யார் குடுத்தது?"

"லேப் அக்கா."

"அவங்களுக்கு நான் இதைக் குடுக்கவே இல்லையே."

மறந்திருக்கும்ப்பா என்றாள் சின்னவள். இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். மஞ்சள் வளையம் வைத்த சுத்தியல் அவரிடம் ஒன்றுதான் இருந்தது. மெதுவாக வளரும் ஜாதி. பத்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அதில் ரம்பத்தை வைத்தார்.

"பெரியவனுக்கு வெட்டினேன்" என்றார்.

அந்த வீட்டில் பெரியவனைப் பற்றி யாரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. சின்னவளுக்கு அண்ணன். அப்பாவோடு அதே பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பழகினான். வேலையில் சேர்ந்த அன்று அவன் அறையில் ஒரு குட்டித் தொட்டி வைத்துக் கொடுத்து, அதில் இந்தத் துண்டைப் போட்டவர் அப்பாதான். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் அவன் செய்த செட் கோணலாக வந்தது. ஆறு பேர் பார்க்க, அப்பா அதைக் குப்பையில் வீசினார். வீட்டுக்கு வந்தும் அவருக்கு ஆறவில்லை. இந்த வேலை வராதவனுக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று கேட்டுவிட்டார். அவன் ஒரு பையோடு போய்விட்டான். போன் நம்பரும் மாறிவிட்டது. குட்டித் தொட்டி காலியாக இருந்ததை மறுநாள்தான் பார்த்தார்கள்.

அப்பா எண்ணினார். வெட்டிக் கொடுத்தபோது தலை ஒன்று. இப்போது ஏழு.

●

ஆறு மணிக்கு லேப் அக்கா வந்தார். துண்டுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வந்ததாகத்தான் சொன்னார். தொட்டிக்கு முன்னால் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பச்சைத் துண்டு முன்னால் வந்திருப்பதைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி கொஞ்சம் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா, சார்?"

"அவன் எங்க இருக்கான்?"

லேப் அக்கா உட்கார்ந்தார். சின்னவள் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். மூன்று வருஷம் முன்பு ஒரு சாயங்காலம், மழையில், ஒரு ஊறுகாய் பாட்டிலோடு அவர் வீட்டுக்கு வந்தானாம். நாலு பேர் தங்கும் அறை, தொட்டி வைக்க இடமில்லை, இது செத்துவிடும், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றானாம். வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டானாம். அப்பா தொட்டி கழுவ வந்த ஞாயிறுகளில் அவர் கண்ணில் படாமல், அதை உள்ளறையில் ஒரு சின்னத் தொட்டியில் வைத்திருந்தாராம்.

"இவ போன் பண்ணித் தொட்டிக்கு ஒரு துண்டு கேட்டா. எனக்குத் தூக்கம் வரல, சார். சத்தியத்தையும் மீறக் கூடாது, இதையும் நான் வெச்சுக்கக் கூடாது. அதான் வாயத் தொறக்காம பவளத்த மட்டும் குடுத்துட்டேன். நீங்களா கண்டுபிடிச்சா அது என் தப்பில்ல பாருங்க."

அப்பா கையெடுத்துக் கும்பிடவில்லை, ஆனால் கும்பிடப் போனவர் போலக் கைகள் பாதியில் நின்றன. மூணு வருஷம் இதைப் பாத்துக்கிட்டிருக்கீங்க என்றார். நீங்க எனக்குப் பத்து வருஷம் பாத்தீங்களே என்றார் லேப் அக்கா.

பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணு இருக்கு, சார். உங்க பையன் மாசா மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வந்து இதப் பாத்துட்டுப் போவார். அஞ்சு நிமிஷம் நிப்பார், உங்க உடம்பு எப்படின்னு கேப்பார், போயிடுவார். நாளைக்கு வருவார். தொட்டியில இது இருக்காது. நான் என்ன சொல்றது?"

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

அப்பா நாற்காலியை லேப் அக்கா பக்கம் திருப்பிப் போட்டார்.

"அட்ரஸ் மாறலன்னு சொல்லுங்க" என்றார்.

"யார் சொன்னாங்கன்னு கேப்பாரே."

"நான் சொன்னேன்னே சொல்லுங்க. அன்னிக்குப் பேசினதும் நான்தான்."

சின்னவள் எழுந்து போய் டிப்போவுக்குப் போன் செய்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, நாளைக்கு யாராவது தன் ஷிப்டை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது லேப் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலில் மாட்டிவிட்டு, மறு காலைக் கையால் பிடித்தபடியே நின்றார். சொல்வதா வேண்டாமா என்ற யோசனை அவர் முகத்தில் ஓடியது.

"இதுக்கும் சேத்துதான் சத்தியம் வாங்கியிருக்கார்" என்றார். "ஆனா தெரியாம நீங்க கதவத் தொறக்கக் கூடாது. ஒரு வருஷமா அவர் தனியா வர்றதில்ல, சார்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார், பிடிக்க முடியவில்லை.

அப்பா வாசல்வரை வந்தார். பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நாற்காலி மூணுதானே இருக்கு" என்றார்.